தேடி வருகிறவரும் வேடிக்கை பார்க்கிறவரும்: சின்னக் கடைக்கு ஆன்லைன் மார்க்கெட்டிங்

கடலூர் முதுநகரில் என் சித்திக்கு ஒரு கருவாட்டுக் கடை இருக்கிறது. ஓ.டி., அதாவது ஓல்டு டவுன் என்று சொன்னால்தான் ஊரில் பாதிப் பேருக்குப் புரியும். துறைமுகத்துப் பக்கம், ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவு இடம். போன வருஷம் ஒருநாள் கூப்பிட்டு, "டேய், எல்லாரும் ஆன்லைன்ல விக்கிறாங்களாம். நமக்கும் பண்ணிக் குடேன். என்னா செலவாகும்?" என்றார். "முதல்ல ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி வைங்க சித்தி" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து போனை வைத்துவிட்டார்.

கிண்டல் இல்லை. நோட்டு எதற்கு என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை போடுவார்கள். அங்கே நடக்கிற கூட்டத்தில் பெரும்பாலோர் இன்னதுதான் வாங்க வேண்டும் என்று வந்தவர்கள் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காற்றாட வந்திருப்பார்கள். ஒரு சட்டை கண்ணில் படும், நிற்பார்கள், விலை கேட்பார்கள், பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். அதே மனிதருக்கு மறுநாள் காலையில் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது. நேராக ஹார்டுவேர் கடைக்குப் போய் "அரை இஞ்ச் வாஷர் குடுங்க" என்கிறார். சுற்றும் முற்றும் பார்ப்பதில்லை. இருந்தால் வாங்குவார், இல்லையென்றால் அடுத்த கடை.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் ஷார்ட்ஸ் எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை வீதி. கூகுள், மேப்ஸ், இப்போது வந்திருக்கிற ஏஐ தேடல்கள் எல்லாம் வாஷர் கேட்டு வருகிறவர் நுழையும் வாசல். முதல் வகையில் நாம்தான் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். இரண்டாவது வகையில் அவரே தேடி வருகிறார், அவர் கேட்கிற பொருள் நம்மிடம் இருப்பது அவருக்குத் தெரிந்தால் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தேடி வருகிறவருக்குக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்றுகூட எங்கும் எழுதி வைக்காமல், வேடிக்கை பார்க்கிறவருக்காக தினமும் ரீல்ஸ் போட்டுக்கொண்டிருப்பார்கள். என் கணக்கில் அது தலைகீழ்.

தேடலிலிருந்தே தொடங்குவோம். கூகுள் 1998இல் வந்தது. அன்றிலிருந்து அது செய்கிற வேலை மூன்றுதான்: இணையத்தில் உள்ள பக்கங்களைச் சுற்றிச் சுற்றிப் படிப்பது, படித்ததை அட்டவணை போலக் குறித்துவைப்பது, யாராவது கேட்டால் பொருத்தமானதை வரிசைப்படுத்திக் காட்டுவது. இதில் நமக்கு உறைக்க வேண்டியது ஒன்று. நாம் எங்குமே எழுதி வைக்காத ஒன்றை அது காட்ட முடியாது. நெத்திலியைச் சித்தி எவ்வளவு சுத்தமாகக் காயவைத்தாலும் கூகுளுக்கு அது தெரியாது.

புதிய தேடல் கருவிகள் இதற்கு மேல் ஒரு படி போகின்றன. 2022 நவம்பரில், கேள்வி கேட்டால் பதில் எழுதித் தருகிற சாட்ஜிபிடி வந்தது. 2024 ஆகஸ்டில் கூகுள் தன் தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதிய சுருக்க விடையை இந்தியாவிலும் காட்டத் தொடங்கியது. அதே வருஷம் அக்டோபரில் சாட்ஜிபிடிக்குள்ளேயே இணையத் தேடல் வந்தது. 2025 ஜூலையில், கேள்விக்கு ஏஐயே பதில் சொல்கிற கூகுளின் 'ஏஐ மோட்' இந்தியாவில் எல்லோருக்கும் திறந்தது. கூகுளின் ஏஐ செயலியான ஜெமினி 2024 ஜூனிலேயே தமிழையும் சேர்த்துக்கொண்டுதான் இங்கே வந்தது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேலை செய்யும் விதம்தான் முக்கியம்.

முன்பெல்லாம் 'கருவாடு கடலூர்' என்று இரண்டு சொல் தட்டுவோம். இப்போது ஆட்கள் மனிதரிடம் பேசுவதுபோல முழுசாகக் கேட்கிறார்கள்: "மண் இல்லாத நெத்திலி கருவாடு கடலூர்ல யார்கிட்ட கிடைக்கும், பெங்களூருக்கு கூரியர்ல அனுப்புவாங்களா?" இந்தக் கேள்வியைக் கருவி அப்படியே தேடாது. உள்ளுக்குள் துண்டு துண்டாக உடைக்கும். கடலூரில் கருவாட்டுக் கடைகள் எவை, அதில் நெத்திலி விற்பது யார், மண்ணைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா, வெளியூருக்கு அனுப்புகிறார்களா என்று தனித்தனியாகத் தேடி, கிடைத்த பக்கங்களைப் படித்து, ஒரு பத்தியாகக் கோத்துக் கொடுக்கும். பக்கத்தில் எங்கே படித்தது என்று இணைப்பும் தரும். அந்தத் துண்டுக் கேள்விகளுக்கு எந்தக் கடை தெளிவாக விடை எழுதி வைத்திருக்கிறதோ, அதன் பெயர் பத்தியில் வருவதற்கு வாய்ப்பு கூடுதல். உத்தரவாதம் இல்லை. எழுதாத கடைக்கோ வாய்ப்பே குறைவு.

இங்கேதான் நாற்பது பக்க நோட்டு வருகிறது. ஒரு மாசம், போனில் யார் என்ன கேட்டாலும் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைக்கச் சொன்னேன். சித்தி முதல் வாரம் எழுதவே இல்லை. பிறகு கடைப் பையன் எழுதத் தொடங்கினான். நோட்டில் இருந்து சில வரிகள்:

"நெத்திலில மண்ணு இருக்குமா?"
"உப்பு போட்டதா, போடாததா?"
"சென்னாகுனி எப்ப வரும்?"
"பார்சல் வாடை அடிக்குமா? ஆபீஸ் அட்ரஸ் குடுக்கலாமா?"
"ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா, வெளியவே தாங்குமா?"
"கடை எங்க, பீச் ரோட்லயா?"

திரும்பத் திரும்ப வருகிற கேள்வி பதினைந்தைத் தாண்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் சித்தி போனில் சொல்கிற பதிலைப் பதிவு செய்து, அப்படியே எழுதினேன். மண் கேள்விக்கு அவர் சொன்னது: "தரையில கொட்டிக் காயவைக்கிறதில்லைங்க. கம்பு நட்டு, மேல வலை விரிச்சுக் காயவைக்கிறோம். இருந்தாலும் கடக்கரைக் காத்து, ஒரு துளி ஒட்டத்தான் செய்யும். சமைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தண்ணி அலசிடுங்க." கொஞ்சம் திருத்தி இதைத்தான் போட்டோம்.

இதற்கு முன்னால் நான் ஒரு ஏஐ கருவியிடம் கடை அறிமுகம் எழுதித் தரச் சொல்லிப் பார்த்திருந்தேன். 'பாரம்பரியமும் தரமும் கைகோக்கும் இடம்' என்று தொடங்கி, கருவாடு நோய் எதிர்ப்பு சக்தி தரும் என்று ஒரு வரி, மூன்று தலைமுறை அனுபவம் என்று ஒரு வரி. சித்தி கடை போட்டு ஒன்பது வருஷம்தான் ஆகிறது. உணவுப் பொருளுக்கு ஆதாரமில்லாமல் மருத்துவப் பலன் சொல்லி விளம்பரம் செய்யக்கூடாது என்று 2018இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறையே இருக்கிறது. கருவியைக் குறை சொல்லவில்லை, எழுத்துப்பிழை திருத்தவும், நீளமானதைச் சுருக்கவும் நன்றாகவே உதவுகிறது. விஷயம் மட்டும் நம்மிடமிருந்து போக வேண்டும். 'தரமானது' என்ற சொல்லை எந்தக் கடையும் எழுதலாம். 'கம்பு நட்டு வலை விரித்து' என்பதை அதைச் செய்கிறவர் மட்டும்தான் எழுத முடியும்.

அடுத்து ஊர்ப் பெயர். இது நம் பகுதிக்கே உள்ள தொல்லை. பாண்டிச்சேரி 2006இல் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. ஆனால் ஆட்கள் இன்றைக்கும் பாண்டி, பாண்டிச்சேரி, புதுவை, புதுச்சேரி என்று நாலு விதமாகத் தேடுகிறார்கள். கடலூரில் முதுநகர், ஓ.டி., துறைமுகம் எல்லாம் ஒரே பக்கம். திருப்பாதிரிப்புலியூரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், சொல்லும்போது பாதி எழுத்து காணாமல் போகும். இதைவிட ஒரு கூத்து, ஒரு ஏஐ கருவி சித்தியின் கடையை மலைப்பிரதேசத்தில் கொண்டு போய் வைத்தது. நீலகிரியிலும் தேனியிலும் கூடலூர் இருக்கிறதே, அந்தக் குழப்பம். நம் கடலூருக்கே பழைய பெயர் கூடலூர்தான் என்று சொல்வார்கள், ஆகையால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

இதற்கு மருந்து சாதாரணமானது. கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். மாவட்டம், பின்கோடு விடாதீர்கள். அறிமுகப் பத்தியில் 'கடலூர் முதுநகர், ஓ.டி. என்று சொல்வார்களே, அங்கே' என்று இயல்பாக ஒரு தடவை எழுதினால் இரண்டு பெயரும் வந்துவிடும். ஆட்கள் எந்தச் சொல்லைத் தட்டுகிறார்கள் என்று பார்க்க, கூகுள் தேடல் பெட்டியில் பாதிச் சொல்லை அடித்து நிறுத்துங்கள். கீழே அதுவே மீதியை நீட்டும், அதெல்லாம் மற்றவர்கள் உண்மையிலேயே தேடியவை. கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற இலவசக் கருவியில் தமிழ்நாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு சொல்லை ஒப்பிட்டும் பார்க்கலாம். தமிழ் எழுத்தில் ஒரு தடவை, இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

எழுதியதை எங்கே வைப்பது? தனி வெப்சைட் இருந்தால் நல்லது, ஆனால் முதல் நாளே அது வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று ஒன்று இருக்கிறது. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று பெயர். மேப்ஸில் ஒரு கடையைத் தொட்டால் படம், நேரம், போன் நம்பர் எல்லாம் வருமே, அந்தப் பக்கம்தான். காசு கிடையாது. ஒரு சின்னக் கடைக்காரர் ஆன்லைனில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கடை நம்முடையதுதான் என்று நிரூபிக்க இப்போது பல பேரிடம் வீடியோ கேட்கிறார்கள். தெரு, பெயர்ப்பலகை, பூட்டைத் திறந்து உள்ளே போவது, தராசு, சரக்கு எல்லாம் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும். நாங்கள் மூன்று தடவை எடுத்தோம். முதல் தடவை பெயர்ப்பலகை மேல் தார்ப்பாய் தொங்கியது. இரண்டாவது தடவை நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்து "வாளை எவ்ளோம்மா" என்று கேட்க, சித்தி வீடியோவை மறந்துவிட்டு வியாபாரத்தில் இறங்கிவிட்டார். மூன்றாவது சரியாக வந்தது.

பெயர் எழுதும் இடத்தில் பலகையில் உள்ள பெயரை மட்டும் எழுதுங்கள். 'கடலூர் சிறந்த நெத்திலி வஞ்சிரம் கருவாடு ஹோல்சேல்' என்று பெயரை நீட்டுவது கூகுளின் விதிக்கு விரோதம், பக்கத்தையே முடக்கவும் கூடும். வகை சரியாக இருக்கட்டும். நேரத்தை அடிக்கடி திருத்துங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தச் சமயத்தில் எங்கள் கடைக்கு 'சரக்கு இருக்கா' என்று போன் அதிகம் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவைக்க வெயில் கிடையாது. புரட்டாசியில் சித்தி சீக்கிரமே கடையைச் சாத்திவிடுவார். இதையெல்லாம் அந்தந்த நேரத்தில் இரண்டு வரியில் போட்டு வைத்தால், பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திட்டுகிறவர்கள் குறைவார்கள்.

பக்கத்திலுள்ள கடைகளை வரிசைப்படுத்த கூகுள் மூன்றைப் பார்ப்பதாகச் சொல்கிறது: கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், கடைக்கு எவ்வளவு பெயர் இருக்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மஞ்சக்குப்பத்தில் நின்று தேடுகிறவருக்கு மஞ்சக்குப்பம் கடை முதலில் வந்தால் வருத்தப்பட ஒன்றும் இல்லை. மற்ற இரண்டும் நம் கையில் ஓரளவு இருக்கின்றன. பெயர் என்பதில் ரிவ்யூவுக்குப் பெரிய பங்கு.

ரிவ்யூ கேட்பதில் கூச்சம் வேண்டாம், ஆனால் அதற்கு நூறு கிராம் இலவசம், தள்ளுபடி என்று எதுவும் கொடுக்காதீர்கள். கூகுளின் விதிப்படி அது தப்பு. போலி ரிவ்யூக்களைத் தடுப்பதற்கென்றே 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் ஒரு தர விதியை வெளியிட்டது. கெட்ட ரிவ்யூ வந்தால்? எங்களுக்கு வந்தது. ஒரு ஸ்டார், 'பார்சல் பிரிக்கும் முன்பே வீடு முழுக்க நாற்றம்' என்று. சித்திக்குக் கோபம் தலைக்கேறியது. "கருவாடு பின்ன மல்லிப்பூ வாசமா அடிக்கும்? அதையே எழுதுடா" என்றார். எழுதவில்லை. உறை கிழிந்திருந்ததற்கு வருத்தம் சொல்லி, இனிமேல் இரண்டு கவர் போட்டு ஒட்டி, மேலே அட்டைப்பெட்டி வைத்து அனுப்புகிறோம் என்று எழுதினேன். அன்றிலிருந்து அப்படியே செய்யவும் செய்தோம். சில மாதம் கழித்து ஒரு ஏஐ தேடலில் 'வாடை வராமல் கருவாடு பார்சல்' என்று கேட்டுப் பார்த்தபோது, இரட்டைக் கவர் விஷயத்தைச் சொல்லி சித்தியின் கடையைக் காட்டியது. அந்தச் சேதி வேறெங்கும் கிடையாது, நாங்கள் அந்த ரிவ்யூவுக்கு எழுதிய பதிலில்தான் இருந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமை வீதிக்கு வருவோம். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். இவை நம் வீடியோவை யாருக்குக் காட்டுவது என்று எப்படி முடிவு செய்கின்றன? பார்த்தவர் எவ்வளவு நேரம் பார்த்தார், லைக் போட்டாரா, இன்னொருவருக்கு அனுப்பினாரா என்பதுதான் பெரிய அளவுகோல் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மோசெரியே சொல்லியிருக்கிறார். அனுப்புவதை நன்றாகக் கவனியுங்கள். பொங்கல் வாழ்த்தில் கடை லோகோவை ஒட்டிய போஸ்டரை யாரும் யாருக்கும் அனுப்ப மாட்டார்கள். சித்தி முறத்தில் நெத்திலியைப் புடைத்துக்கொண்டே, சின்னது இது, பெருவட்டு இது என்று பேச்சுவாக்கில் பிரிக்கிற வீடியோ ஒன்று போட்டோம். பின்னணிப் பாட்டு கிடையாது, முறத்துச் சத்தம் மட்டும். அதைத்தான் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அம்மாவுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் பார்த்தவர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வீடியோ ஓடிய வாரம் ஆர்டர் பெரிதாக ஏறவில்லை. துபாயில் பார்த்து ரசித்தவர் கால் கிலோ காரப்பொடிக் கருவாடு வாங்கப்போவதில்லை. வீதியில் நடக்கிறவரிடம் எதிர்பார்க்க வேண்டியது முகப்பழக்கம், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து அவருக்குக் கருவாடு தேவைப்படும்போது 'அந்த முறத்துக்கார அம்மா' என்று ஞாபகம் வரும், வந்து தேடுவார். தேடினால் நாம் கிடைக்க வேண்டும். ஆகவே வீடியோவுக்குக் கீழே வெறும் இதயமும் மீனும் போடாமல், 'கடலூர் நெத்திலி கருவாடு, மண் நீக்கும் முறை' என்று வார்த்தையில் எழுதுங்கள். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே ஆட்கள் சொல் போட்டுத் தேடுகிறார்கள். 2025 ஜூலையிலிருந்து, பொதுவில் இருக்கிற தொழில் கணக்குகளின் பதிவுகள் கூகுளிலும் வரக்கூடும். சந்தைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் நடுவில் ஒரு கதவு வைத்த மாதிரி.

வந்தவரைப் பிடித்து வைக்க வாட்ஸ்அப் பிசினஸ். 2018இல் வந்த இலவசச் செயலி. படம், விலையோடு கேட்டலாக் போடலாம், நோட்டில் எழுதிய பதில்களைக் குறுக்குவழிப் பதில்களாகச் சேர்த்து வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தடவையில் அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நம் நம்பரை சேவ் செய்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். அதனால் பார்சலுக்குள் 'இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது சரக்கு வந்தா சொல்றோம்' என்று ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறோம். கேட்காமல் ஆட்களை குரூப்பில் சேர்ப்பது வேண்டாம். எனக்கே எரிச்சலாக இருக்கும்.

காசு கொடுத்து விளம்பரம் செய்வது பற்றி இப்போதைக்கு ஒரு வார்த்தை: மேலே சொன்னது எல்லாம் முடிந்த பிறகு. விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர் மேப்ஸில் கடையைத் தேடி, நேரமும் படமும் இல்லாமல் காலியாக இருந்தால் திரும்பிப் போய்விடுவார். கொடுத்த காசு வீண். இன்னொன்று, 'கூகுள்ல உங்க கடையை முதல் இடத்துக்குக் கொண்டு வர்றோம், கேரண்டி' என்று போன் வரும். சித்தி எனக்குத் தெரியாமல் அப்படி ஒருவருக்கு 6,000 ரூபாய் அனுப்பிவிட்டார். அப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை. முதல் இடத்தை யாராலும் உறுதி சொல்ல முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். பிசினஸ் புரொஃபைலில் எத்தனை பேர் அங்கிருந்து போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று வரும். அதைவிட எனக்கு நம்பிக்கை நோட்டின் மேல்தான். ஒவ்வொரு புதியவரிடமும் "எங்க பார்த்தீங்க?" என்று பையன் கேட்டு, பெயருக்குப் பக்கத்தில் மே, இ, வா, சொ என்று ஒரு எழுத்து போடுகிறான். மேப்ஸ், இன்ஸ்டா, வாட்ஸ்அப், சொந்தக்காரர் சொன்னது. இப்போது புதிதாக 'ஏ' என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. மாதம் ஒருமுறை நானும் இரண்டு மூன்று ஏஐ கருவிகளில் வாடிக்கையாளர் மாதிரிக் கேட்டுப் பார்ப்பேன். நேரமோ ஊரோ தப்பாக வந்தால், எந்தப் பக்கத்திலிருந்து அதை எடுத்தது என்று இணைப்பைத் தொட்டுப் பார்த்து, அங்கே போய்த் திருத்துவேன்.

போன வாரம் போனபோது நோட்டு மூன்றாவது ஆகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் நெய்வேலியிலிருந்து ஒரு பையன் கேட்டது: "அக்கா, பேச்சிலர் ரூம்ல வறுத்தா ஹவுஸ் ஓனர் கண்டுபிடிச்சிடுவாரா?" பக்கத்தில் பதில் எழுதவில்லை. "இதுக்கு என்னா சித்தி சொன்னீங்க?" என்றேன். "ஓனருக்கும் ரெண்டு துண்டு குடுக்கச் சொன்னேன்" என்றார். அடுத்த ரீலுக்கு அதைத்தான் எடுக்கப்போகிறோம்.